மெட்ராஸ் சிப்பாய் 54 எம்.எம். – பயனெட்டு ஒடியாம வந்துடுச்சு

வந்துடுச்சுப்பா! நானே ரெசின்ல வார்க்குற 54 மில்லிமீட்டர் மெட்ராஸ் சிப்பாய் பொம்மையோட துப்பாக்கி முழுசா, குழல்ல ஒரு குமிழி இல்லாம, பயனெட்டு (துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி) வளையாம வந்துடுச்சு. நம்பிக்கை இல்லாம மேஜையில இருந்து கீழ தள்ளிவிட்டே பாத்தேன், டைல்ஸ்ல டிங்குன்னு விழுந்து உருண்டுச்சு, ஒண்ணும் ஆகல. பெயிண்ட் வேலை பாதியில நிக்குது, மூஞ்சி இன்னும் வெறும் பிரைமரோட முழிச்சிக்கிட்டு இருக்கு, ஆனா இத எழுதாம இருக்க முடியல.

ஏன்டா சொந்தமா வார்த்துக்கிட்டு கஷ்டப்படுறன்னு கேக்குறவங்களுக்கு: பெயிண்ட் அடிச்சே வர்ற நல்ல மெட்டல் ஃபிகர், கிங் அண்ட் கன்ட்ரி கம்பெனி மாதிரி தரத்துல, டாலர்ல வாங்கணும், மேல ஷிப்பிங், அதுக்கும் மேல கஸ்டம்ஸ். பொம்மைக்கு இறக்குமதி வரி 2020ல 20 சதவீதத்துலருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆயிடுச்சு. இது பெரியவங்க கலெக்ட் பண்றதுன்னு நாமதான் சொல்லிக்கணும், கஸ்டம்ஸ்காரருக்கு அது பொம்மைதான். ஒரு ஆளுன்னா பல்லக் கடிச்சிக்கிட்டு வாங்கிடலாம், எனக்கு வேண்டியது ஒரு வரிசை. அதுவும் 1806 வேலூர் புரட்சி, புதுத் தலைப்பாகை போட்ட மெட்ராஸ் சிப்பாய். 1857 வங்காளச் சிப்பாய் கூட எங்கயாவது பாத்திருக்கேன், நம்ம ஊரு ஆளு என் கண்ணுல பட்டதே இல்ல.

காஸ்ட்லி ஃபிகரை மோல்டு எடுத்து அப்படியே காப்பி அடிச்சு விக்கிறவங்களும் இருக்காங்க, சீப்பா கிடைக்கும்னு ஒரு நண்பர் அனுப்பி வெச்சாரு. காப்பிக்கு காப்பி எடுத்த மூஞ்சி, மூக்கு மழுங்கி, பட்டன் எல்லாம் காணாம போயி, அதுக்குக் குடுத்த காசுல மோல்டு செய்ற சிலிக்கான் ரப்பர் ரெண்டு கிலோ வாங்கிருக்கலாம். திருட்டுங்கிறது ஒரு பக்கம், பாக்கவே கலீஜா இருக்கு.

சரி, மாஸ்டர், அதாவது மோல்டு எடுக்குற மூல பொம்மை, நானே செஞ்சது. உடம்பு எம்-சீல், மூஞ்சியும் கையும் மில்லிபுட்டுங்கிற எப்பாக்ஸி பட்டி. எம்-சீல் சீக்கிரம் இறுகிடும், கொஞ்சம் கரடா இருக்கும், ஆனா கோட்டுக்கும் காலுக்கும் அது போதும், எமரி அடிச்சா சரியாயிடும். மூஞ்சிக்கு மட்டும் காசு பாக்காதீங்க. ஒரு அடி தள்ளி நின்னு பாக்குறவன் கண்ணு முதல்ல மூஞ்சிக்குப் போவும், அப்புறம் நேரா துப்பாக்கிக்கு. பூட்ஸை யாரும் பாக்க மாட்டான், இந்த ஆளுக்கு பூட்ஸே கிடையாது, செருப்புதான்.

தலைப்பாகைல மட்டும் ரொம்ப நேரம் போச்சு. 1806ல வந்த புது மாடல் தொப்பி மாதிரி வட்டமா இருக்கும், தோல்ல செஞ்ச குஞ்சம் ஒண்ணு இருக்கும். அந்தத் தோலு, கூடவே யூனிபார்ம்ல நெத்தியில நாமமோ விபூதியோ கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாதுன்னு வந்த ஆர்டர், இதெல்லாம் சேந்துதான் ஜூலை 10 அன்னிக்கு கோட்டைக்குள்ள வெடிச்சது. அதனால இந்த வரிசைக்கு அந்தக் குஞ்சம் சரியா வரலன்னா மத்ததெல்லாம் சரியா இருந்தும் புண்ணியம் இல்ல.

இப்ப துப்பாக்கிக்கு வர்றேன். இந்தியா பேட்டர்ன் பிரவுன் பெஸ்ங்கிற அந்தக் கால பிரிட்டிஷ் துப்பாக்கி, குழல் மட்டும் 39 இஞ்ச். மொத்தமா 55 இஞ்ச்சுன்னு வெச்சா நம்ம 1/32 அளவுல (நிஜத்துல 32ல ஒரு பங்கு) நாலரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, பயனெட்டு 17 இஞ்ச், அது 1.3 சென்டிமீட்டர் சொச்சம். நீளம் பிரச்சினை இல்ல, தடிமன்தான் பேஜாரு. பயனெட்டு தகடு நிஜ அளவுக்குப் போனா அரை மில்லிமீட்டர் கூட வராது. பொம்மை கம்பெனிக்காரங்க இதனாலதான் பயனெட்டை கடப்பாரை தடிமனுக்கு வெச்சிடுறாங்க.

முதல்ல காசிமேடு பக்கம் ஃபைபர் போட் வேலைக்கு வாங்குற பாலியஸ்டர் ரெசின்தான் எடுத்தேன், விலை ரொம்ப கம்மி. நாத்தம் வீடு முழுக்க, பக்கத்து போர்ஷன் அக்கா வந்து "இன்னாபா போட் கட்றியா உள்ள"ன்னு கேட்டுட்டு போனாங்க. நாத்தத்தைக் கூட பொறுத்துக்கலாம், அது காயும்போது சுருங்குது, 54ல ஒரு மில்லிமீட்டர் கிட்ட போயிடுது, மெல்லிசா இருக்குற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி படக்குன்னு ஒடியுது, சிலிக்கான் மோல்டையும் சீக்கிரம் தின்னுடுது. பீடத்துக்கு, பாறைக்கு, கோட்டைச் சுவருக்கு அது ஓகே. இன்னொண்ணு, ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலந்துடாதீங்க, வெடிக்கும். ஒண்ணை ரெசின்ல நல்லா கலக்குன பிறகுதான் அடுத்தது.

அப்புறம் பாலியூரித்தேன். விலை ஜாஸ்தி, ஆனா ஒரு ஆளுக்கு பத்து கிராம் சுத்திதான் ஆவுது, அப்படின்னா ஒரு கிலோவுல எத்தனை ஆளுன்னு நீங்களே பாத்துக்குங்க. நம்மூர்ல இதுக்கு எதிரி ஈரக்காத்து. கலக்குற ரெண்டு பாட்டில்ல ஒண்ணுல இருக்குற ஐசோசயனேட் தண்ணியைக் கண்டா கார்பன் டை ஆக்சைடு விட ஆரம்பிச்சிடும், வார்த்த துப்பாக்கி உள்ள பஞ்சு மாதிரி ஆயிடும். பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கடையில வாங்குன பாட்டில் சீல் ஏற்கனவே தளர்ந்திருந்தது, திருப்பிக் குடுக்கப் போனா "நீ தொறந்து வெச்சிட்டு வந்து சொல்ற"ன்னுட்டாரு. இப்ப வேற இடத்துல சின்ன பேக்தான் வாங்குறேன், வந்ததும் சின்னச் சின்ன பாட்டில்ல பிரிச்சு, காத்தை அழுத்தி வெளிய தள்ளி மூடி, சிலிக்கா ஜெல்லோட டப்பாவுல போட்டு வைக்கிறேன். மாஸ்க், ஜன்னல் விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

பாட்டிலை சரி பண்ணியும் குமிழி போவல. ஆளோட சேத்து தலைகீழா வார்க்கும்போது பயனெட்டு மோல்டோட அடியில ஒரு முட்டுச்சந்துல போய் நிக்குது, ரெசின் மேல மூடிக்கிது, காத்து வெளிய வர வழி இல்ல. டால்கம் பவுடர் தூவிப் பாத்தா மேல்பரப்புக் குமிழி குறையுது, நுனி மட்டும் அடம். கொசப்பேட்டைல பிள்ளையார் சிலை போடுற அண்ணன் ஒருத்தர் மோல்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, கையத் தனியா, கம்பத் தனியா போடு, சேத்துப் போட்டா எங்களுக்கே நிக்காது"ன்னாரு.

அதான் திருப்புமுனை. துப்பாக்கி தனி, படுக்க வெச்ச ரெண்டு பாதி மோல்டு. உள்ள கம்பி. பித்தளைக் கம்பி வளைஞ்சிடுச்சு, சர்ச்ல கிடார் வாசிக்கிற தம்பிகிட்ட அறுந்த கம்பி கேட்டேன், ஒரு கவர் நிறைய குடுத்தான். அக்கூஸ்டிக்ல ரெண்டாவது கம்பி, 0.016 இஞ்ச், அதாவது 0.4 மில்லிமீட்டர், செலவு பூஜ்யம். துப்பாக்கி நீளம் முழுக்க உள்ள ஓடி, முன்னாடி வெளிய வர்றதே பயனெட்டு. ஆனா நேரா விட்டா தப்பு. சாக்கெட் பயனெட்டு (குழல் முனையில உறை மாதிரி மாட்டுறது) குழலுக்கு நேரா இருக்காது, பக்கவாட்டுல தள்ளி நிக்கும், இல்லன்னா மருந்தும் குண்டும் போட்டு இடிக்க முடியாதே. அதனால மூக்குக் குறடால ஒரு மில்லிமீட்டர் தள்ளி ரெண்டு மடிப்பு. கிடார் கம்பி ஸ்பிரிங் மாதிரி திருப்பி அடிக்கும், கொஞ்சம் அதிகமா மடக்கி விட்டாதான் வேண்டிய இடத்துல வந்து நிக்கும். இந்த மடிப்புக்கே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு, எனக்கு கவலையே இல்ல.

கம்பியை எமரியால உரசி, தின்னர்ல துடைச்சிட்டு வைங்க, இல்லன்னா ரெசின் புடிக்காம உருவிக்கிட்டு வரும். ரெண்டு முனையும் மோல்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கட்டும், அந்த இடுக்கு வழியாத்தான் காத்து போவுது. வெளிய நிக்கிற பயனெட்டு இரும்பு, நம்ம கடல் காத்துக்கு ரெண்டு வாரத்துல துரு ஏறிடும், அதனால கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட். தங்கச்சியோடது. அவளுக்குத் தெரியாது.

பெயிண்ட்ல எங்க மிச்சம் புடிக்கலாம்னு பாத்தா, கோட்டோட சிவப்புக்கு ஃபெவிக்ரில் போதும், பிரைமருக்கு மேல பழுப்பு ஒரு கோட் அடிச்சிட்டு மெல்லிசா ரெண்டு மூணு தடவ போடணும், ஒரே அடியா கெட்டியா போட்டா பட்டன் மூழ்கிடும். மூஞ்சி, கை நிறத்துக்கு மட்டும் வல்லேஹோங்கிற மாடல் பெயிண்ட். குறுக்கு பெல்ட்டுக்கு சுத்த வெள்ளை வேணாம், கொஞ்சம் ஓக்கர் (மண் மஞ்சள்) கலந்தா நல்லா நிக்குது.

பிரஷர் குக்கர்ல வெச்சு குமிழியை நசுக்கலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. வேணாம் தல. குக்கர் வேலை செய்றது 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் சுத்தி, காஸ்டிங்குக்கு 40, 60 வரைக்கும் ஏத்துவாங்க, மூடி கூரையில இருக்கும். கம்ப்ரெஸரும் சரியான டேங்க்கும் வாங்குற அளவுக்கு இந்த வரிசை பெருசில்ல.

அடுத்து ஆபீசர் ஒருத்தர், குதிரை மேல. குதிரை கால் நாலும் மெல்லிசு, அதுக்கும் உள்ள கம்பிதான் போடணும், இதே கிடார் கம்பி போதுமா இல்ல தடியான பித்தளை வேணுமான்னு இன்னும் பாக்கல. வாலை வெள்ளீயத்துல வார்க்கலாம்னு ஒரு யோசனை, அதுக்கு சூடு தாங்குற சிலிக்கான் தனியா வாங்கணும், மழைக்கு முன்னாடி விலை விசாரிச்சிட்டு சொல்றேன். அதுக்குள்ள இந்த வரிசைக்கு இன்னும் ஏழு துப்பாக்கி வார்க்கணும், கிடார் கம்பி இருக்கு, நெயில் பாலிஷ்தான் தீரப் போவுது.