அருளானந்தர் சாளரத்தை மீட்ட அனுபவம்

எங்கள் ஊர்க் கோவிலின் கீழ்ப்புறச் சாளரத்தில் இருந்த புனித அருளானந்தரின் வண்ணக் கண்ணாடிப் படத்தை யாரோ இரவில் கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். போர்த்துக்கலிலிருந்து மறைப்பணிக்கு வந்து, 1693ஆம் ஆண்டு இராமநாதபுரம் பகுதியின் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அவரை எங்கள் வீட்டுப் பெரியவராகவே எண்ணி வளர்ந்தவர்கள் நாங்கள். காலைத் திருப்பலிக்கு வந்த பெண்கள் அழுதுகொண்டே துடைப்பத்தை எடுத்தபோது, ஒரு சில்லுகூட வெளியே போகக் கூடாது என்று பங்குத்தந்தை தடுத்தார். அந்தச் சொல்தான் சாளரத்தைக் காப்பாற்றியது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு, உள்ளே விழுந்தவற்றையும் வெளியே கிடந்தவற்றையும் தனித்தனிப் பெட்டிகளில் சேர்த்தோம். சுவரோரத்து மணலை இரண்டு நாள் சல்லடையில் சலித்தோம்.

மதுரையிலிருந்து வந்த கைவினைஞர், எஞ்சிய பகுதியின் மேல் தாளை விரித்துக் கரிக்கோலால் தேய்த்து, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டிகளின் தடத்தைப் பதிவு செய்துகொண்ட பின்பே அதைக் கழற்றினார். புனிதரின் முகம் ஐந்து துண்டுகளாகியிருந்தது. புதிதாக வரைந்துவிடலாம் என்று பங்குப் பேரவையில் பலர் கூறினார்கள், நான் உடன்படவில்லை. இரும்பு ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்து தீட்டி, 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு, கண்ணாடியோடு ஒன்றாக்கப்பட்ட அந்தக் கோடுகள் ஒரு பழைய கையின் கோடுகள். அவற்றை வேறொரு கை திரும்பப் போட முடியாது. இறுதியில் துண்டுகளைப் பொருத்தி, விளிம்புகளில் தெளிவான எப்பாக்சிப் பசையை ஊறவிட்டு ஒட்டினார். கன்னத்தில் மயிரிழை போன்ற கோடு தெரிகிறது, தெரியட்டும்.

பாதத்தின் கீழ் இருந்த ஓரியூர்ச் செம்மணலுக்குரிய கண்ணாடிதான் எங்களை அலைக்கழித்தது. முதலில் வாங்கிய சிவப்புக் கண்ணாடி வெயிலிலும் கறுத்தே தெரிந்தது. உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்தபோது, நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலம் மட்டுமே இருப்பது புரிந்தது. அத்தகையதைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதங்களாயின.

பிறகு புது ஈயப் பட்டி, அவற்றின் மூட்டுகளை உருக்கி ஒட்டும் பற்றாசு, ஆளிவிதை எண்ணெயில் சாக்குத் தூளைக் குழைத்த மக்கு என்று வேலை விரைந்தது. ஈயம் நஞ்சு என்பதால் சிறுவர்களை அருகில் விடவில்லை. உப்புக் காற்றில் துருவேறிப் பருத்திருந்த தாங்கு கம்பிகளை எவர்சில்வரில் மாற்றினோம். வெளியே கம்பி வலை போட்டோம். பிளாஸ்டிக் தகட்டால் இறுக மூடினால் இடையில் வெப்பமும் ஈரமும் தங்கிவிடும்.

பொருந்தாமல் எஞ்சிய சில்லுகளும் தேய்த்தெடுத்த தாளும், அடுத்துப் பழுதுபார்க்க வருபவருக்காக, திருப்பொருள் அறையில் ஒரு பெட்டியில் இருக்கின்றன.