பட்டவராயன் சன்னதியில்

நெல்லை மாவட்டத்துப் பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் மலைப்பாதையில், முண்டந்துறைக் காட்டுக்குள் அமைந்திருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு, ஆடி அமாவாசைக் கூட்டம் ஓய்ந்த பிறகு போவதே எனக்கு உகந்தது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளை ஒப்படைத்துவிட்டு, ஆற்றில் முழுக்குப் போட்டு, மகாலிங்கத்தையும் அய்யனாரையும் தரிசித்துப் பட்டவராயன் சன்னதிக்கு வந்தால், நேர்த்திக்கடனாகக் கட்டிய தோல் செருப்புகள் தொங்கும். புதியவற்றில் தோல் வாடை போகவில்லை. பழையவற்றில் குதிகால் தேய்ந்து மண் அப்பியிருக்கிறது. பட்டவராயர் இரவில் அவற்றை அணிந்து காவலுக்குப் போய்வருகிறார் என்பது அடியார் நம்பிக்கை.

பட்டவராயர் என்று இங்கே வழிபடப்படுபவர் முத்துப்பட்டன். அந்தணக் குலத்தில் பிறந்த அவர், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்பினார். குடுமியையும் பூணூலையும் களைந்து செருப்புத் தைத்துக் காட்டினால் பெண் தருவேன் என்றார் பகடை. பட்டன் அப்படியே செய்தார். அதற்கு முன்பே, தம்பியின் மனத்தை மாற்ற முடியாத அண்ணன்மார் அவரைக் கல்லாலான அறைக்குள் அடைத்துப் பார்த்திருந்தார்கள். அக்கிரகாரத்தில் வளர்ந்த அவர்களுக்குத் தம்பி குலத்துரோகி; பகடைக்கோ, வேற்றுக் குலத்தான் ஒருவன் சொன்ன சொல்லைக் காத்தது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும். இந்த உறுத்தல் கதை கேட்டவர்களையும் விடவில்லை போலும்: அப்பெண்கள் உண்மையில் அந்தணருக்குப் பிறந்து பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று மாற்றிப் பாடும் பாடமும் உண்டு. அதை ஏற்றால் பட்டன் எதைத்தான் துறந்தார்?

மணமான இரவே, மாமனாரின் கிடை மாடுகளை ஓட்டிச் செல்ல வந்த கள்வரைப் பட்டன் தனியாகச் சென்று வென்றார். ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்தினான். என்னுடன் வந்த, பெங்களூரில் வளர்ந்த உறவுக்காரப் பையன், "பின்னாலயும் பாத்திருக்கணும்ல?" என்றான். வீரன் என்றால் சூழ்ச்சியையும் முன்னறிந்து முறியடிப்பவன் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அது நியாயமான கேள்விதான். பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஆச்சி, "எதுக்க நின்னு அவர செயிக்க ஆளு உண்டாய்யா? அதாம் பின்னால வந்து குத்துனான்" என்றார். கோயில் கொடை விழா இரவுகளில் இக்கதையை வில்லுப்பாட்டாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, முதுகில் பட்ட காயம் குத்தியவனுக்குத்தான் இழிவு. ஏமாந்தவருக்கு அது குறையன்று. தென்பாண்டிச் சீமையில் வஞ்சனையால் மாண்ட எத்தனையோ பேர் இப்படித்தான் பீடத்தில் இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் ஆச்சியின் பக்கம் நிற்க என்னால் இயலவில்லை. பட்டனோடு பொம்மக்காவும் திம்மக்காவும் தீப்பாயும் இடத்தை அவர் தலைமுறை பத்தினித்தன்மை என்று கண்ணீரோடு கேட்டது. எனக்கு அங்கே மகள்கள் இருவரையும் பறிகொடுத்த பகடையின் நினைவுதான் வருகிறது. சகோதரியர் இருவருக்கும் குங்குமம் சாற்றி, நெடுநேரம் நின்று வணங்கினேன்.