மெடிக்கல் கடை நாட்குறிப்பு: தூள் மருந்தும் தண்ணீர்க் கோடும்

நவம்பர் 10, 2025, திங்கள்

மழை பிடித்துவிட்டது. கோவில்பட்டியே இருமிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து கடையில் உட்கார நேரமில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் சீட்டு இல்லை. "பிள்ளைக்குச் சளிக்கா, ஆன்டிபயாடிக் சிரப் ஒண்ணு குடுங்க." மூக்கும் ஒழுகி இருமலும் இருந்தால் அது பெரும்பாலும் வைரஸ் வேலை. அந்த சிரப்பில் இருக்கிற அமாக்சிசிலின் பென்சிலின் வகை, பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டவிடாமல் தடுக்கிற மருந்து. வைரஸுக்குச் சுவரே கிடையாது, அப்புறம் அந்த மருந்து போய் என்ன செய்யும்? லேபிள் ஓரத்துச் சிவப்புக் கோட்டைக் காட்டி, டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்கிறேன். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கிறார்கள்.

மதியம் கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சீட்டோடு வந்தார். பையன் யூ.கே.ஜி. தொண்டையில் சீழ், காய்ச்சல், இருமல் இல்லை. சீட்டில் எடை 15 கிலோ என்று எழுதியிருந்தது. எடை எழுதுகிற டாக்டர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அமாக்சிசிலின், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப், காலையும் இரவும் 7.5 மி.லி., பத்து நாள். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 மி.கி. கணக்கு, சரியாக வருகிறது. மொத்தம் 150 மி.லி. வேண்டும், 60 மி.லி. பாட்டில் மூன்று.

மூன்றையும் இப்போதே கலக்கித் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். பாட்டிலில் இருப்பது தூள். தூளாக இருக்கும்வரை லேபிளில் போட்ட தேதிவரை தாங்கும். தண்ணீர் பட்டுவிட்டால் இந்தக் கம்பெனி மருந்துக்கு ஏழே நாள்தான். ஒரு பாட்டில் நாலு நாளில் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் அடுத்ததைக் கலக்கினால் போதும்.

முதல் பாட்டிலை அவர் பார்க்கவே கலக்கினேன். மூடியைத் திறக்கும் முன் பாட்டிலை உள்ளங்கையில் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கட்டியாக நின்றுவிடும். காய்ச்சி நன்றாக ஆறின தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக் கோட்டுக்குப் பாதி வரை ஊற்றி மூடிக் குலுக்கினேன். நுரை பொங்கிக் கோட்டைத் தாண்டி நின்றது. அந்த நுரையைப் பார்த்து "ஆச்சு, நிறைஞ்சிருச்சு" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று கல்லா மேல் வைத்தேன். நுரை அடங்கியதும் மட்டம் எங்கோ கீழே கிடந்தது. கண்ணுக்கு நேராகப் பாட்டிலைப் பிடித்துக் கோடுவரை ஊற்றி, மறுபடி குலுக்கிக் கொடுத்தேன். கலக்கிய தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நாள் தண்ணியும் கடைசி நாள் வண்டலும்தான் குடிப்பான்.

நவம்பர் 11, செவ்வாய்

ஸ்பூன் சண்டை. "வீட்டு ஸ்பூன்ல ஒரு ஸ்பூன் குடுத்தா போதும்ல?" வீட்டில் இருக்கிற டீஸ்பூன் ஒன்று 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். பாட்டிலோடு வருகிற அளவு மூடி பரவாயில்லை. ஊசி இல்லாத சிரிஞ்ச் அதைவிட நல்லது. கைக்குழந்தைக்குப் பாலாடையில்தான் கொடுப்பேன் என்கிற ஆச்சிகளோடு நான் வாதாடுவதில்லை. சிரிஞ்சில் அளந்து பாலாடையில் விட்டுக் கொடுங்கள், கடைசிச் சொட்டுவரை போகட்டும், அவ்வளவுதான். சிரிஞ்சிலேயே கொடுப்பதானால் கன்னத்தின் உட்பக்கம் மெதுவாக. நேரே தொண்டையில் பீய்ச்சினால் புரையேறும்.

பால் பாட்டிலில் கலப்பது வேறு கதை. பிள்ளை பாதியில் பாலை விட்டுவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

நவம்பர் 13, வியாழன்

எட்டயபுரத்திலிருந்து போன். போன வாரம் என்னிடம் வாங்கிய பெண்தான். குழந்தைக்குக் காது வலி, சீட்டில் 250, வேளைக்கு 5 மி.லி. முதல் பாட்டில் தீர்ந்ததும் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கியிருக்கிறார். "அதே மருந்துதான்னு குடுத்தாங்கக்கா. ஆனா திரும்பக் காய்ச்சல் அடிக்குது." பெட்டியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். 125. மருந்து என்னவோ அதேதான். ஆனால் 5 மி.லி.யில் பாதி மருந்துதான் இருக்கிறது. இரண்டு நாளாக அந்தக் குழந்தை அரை டோஸில் ஓடியிருக்கிறது.

காய்ச்சல் அதனால்தான் திரும்பியதா என்று நான் சொல்ல முடியாது. நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள் என்றேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்: குழந்தையை வந்து பார்க்கச் சொன்ன டாக்டர், இந்தப் பாட்டிலில் 10 மி.லி. கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம்.

எத்தனை எம்.எல். என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த எம்.எல்.லுக்குள் எத்தனை மி.கி. என்று கேட்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெட்டிகளின் நிறமும் எழுத்தும் ஒரே மாதிரி இருப்பதால் கடைக்காரருக்கே கண் தப்பும். கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த சிரப் இன்னும் மோசம். 228.5 என்று பெரிதாகப் போட்டிருக்கும், அதில் அமாக்சிசிலின் 200 மி.கி., மீதி 28.5 கிளாவுலனிக். 457 என்றால் 400-ம் 57-ம். 457-ல் 5 மி.லி. கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு 228.5 பாட்டிலை நீட்டி அதே 5 மி.லி. என்று சொன்னால் கதை பழையபடிதான். கிளாவுலனிக் தானாகக் கிருமியைக் கொல்ல வந்ததல்ல. அமாக்சிசிலினை வெட்டிப்போட சில பாக்டீரியா ஒரு நொதி விடும், அதன் வாயை அடைப்பதுதான் அதன் வேலை. எல்லாக் குழந்தைக்கும் அது தேவையில்லை, வயிற்றுப்போக்கும் அதில்தான் கூடுதல்.

நவம்பர் 14, வெள்ளி

இப்படியும் ஒன்று. இளையரசனேந்தலிலிருந்து வந்த ஓர் அக்கா, பாட்டிலில் தினமும் கோடுவரை தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். "கோடு வரைக்கும் இருக்கணும்னு சொன்னாங்களே." சொன்னவர் ஒரே ஒரு தடவை என்று சொல்லவில்லை. கலங்கிய சாயம் மாதிரி இருந்தது மருந்து. அவரை டாக்டரிடமே திரும்ப அனுப்பினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆகஸ்டில் கலக்கிய பாட்டிலோடு ஓர் ஆச்சி. பேத்திக்கு மிச்சம், இப்போது பேரனுக்கு. "அதே இருமல்தான் கண்ணு." அடியில் மஞ்சளாகக் கட்டியிருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன், திருப்பித் தரவில்லை. கோபித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பேரன் மூச்சு வாங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று விசாரித்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதிக்க வைத்தேன்.

மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தி வந்ததிலிருந்து எந்த சிரப்பைக் கொடுத்தாலும் தாய்மார்கள் மிரளுகிறார்கள். மிரளாமல் எப்படி? அங்கே விஷமானது டைஎத்திலீன் கிளைக்கால், திரவ மருந்துக்குள் கலந்து வந்தது. இது தூளாக வருவது, தண்ணீர் நம் வீட்டுத் தண்ணீர் என்று சொன்னால் கொஞ்சம் தெளிகிறார்கள். பயம் வந்த பிறகாவது பெட்டியைத் திருப்பிப் படிக்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரம் இன்று தொடங்குகிறது. சுவரில் போஸ்டர் ஒட்டியாயிற்று. அதைப் பார்த்து கடைப் பையன், "காய்ச்சல் விட்டாலும் ஏன் முழுசாக் குடிக்கணும்?" என்றான். நல்ல கேள்வி.

1945 டிசம்பரில் நோபல் உரையில், பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் பென்சிலினை வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார், கிருமி பழகிக்கொள்கிறது, அது மனைவிக்குத் தொற்றி அவர் இறந்துபோகிறார். வேடிக்கை என்னவென்றால், அவர் கதையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைக் கிருமி, 80 ஆண்டு ஆகியும் பென்சிலினுக்கு மசிந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பத்து நாள் கொடுப்பது வேறு காரணத்துக்கு: தொண்டையில் மிச்சம் இருந்தால் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து மூட்டில் தொடங்கி இதய வால்வு வரை போகும். எதிர்ப்பைக் கற்றுக்கொண்டது மற்றவை, குடலில் இருக்கிற ஈ.கோலையும் தோலில் இருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸும். நாம் குடிக்கிற ஒவ்வொரு வேளையும் அவையும்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அதனால் நாள் கணக்கு நோய்க்கு நோய் மாறும். நிமோனியாவில் பல குழந்தைகளுக்கு ஐந்து நாளே போதும். நிறுத்தும் நாளை டாக்டர் சொல்ல வேண்டும், நாமாகக் குறைக்கவும் வேண்டாம், மிச்சம் இருக்கிறதே என்று இழுக்கவும் வேண்டாம். பையனுக்குப் புரிந்ததோ இல்லையோ, டீ வாங்கப் போய்விட்டான்.

நவம்பர் 19, புதன்

காலையில் ஒரு பயம். ஆறாவது நாள் மருந்தில் இருக்கிற பெண் குழந்தை, மார்பிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள். அரிப்பு இல்லை, முகம் வீங்கவில்லை, கொலுசைக் கழற்றி என் கல்லாவைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அடுத்த வேளை கொடுக்கும் முன் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். இந்த மாதிரித் தடிப்பு பல நேரம் வைரஸால் வருவது, பென்சிலின் அலர்ஜியே அல்ல. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நானல்ல. அலர்ஜி என்று பெயர் ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் குழந்தைக்குப் பென்சிலின் வகையையே கொடுக்க யோசிப்பார்கள். அலர்ஜி என்று சொல்லப்படுகிறவர்களைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்றும் இருப்பதில்லை.

வேறு மாதிரியும் உண்டு. குடித்த சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ கண்ணோ வீக்கம், மூச்சு இரைப்பு, துவண்டு விழுதல் என்று வந்தால் கடைக்கு வரக்கூடாது, 108-க்குப் போன் செய்ய வேண்டும். இனிமேல் ஒவ்வொரு சீட்டுக்கும் கேட்டுவிடுவது என்று வைத்திருக்கிறேன்: முன்னால் எந்த மருந்துக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, போனது என்றால் என்ன ஆயிற்று? வெறும் வயிற்றுப்போக்கா, மூச்சு முட்டியதா?

நவம்பர் 22, சனி

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. கிளாவுலனிக் சேர்ந்த சிரப் கலக்கிய பிறகு ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், மூன்று போன் அதைக் கேட்டு வந்தன. கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும் என்றேன். ஃபிரீசரில் வைக்க வேண்டாம்.

தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற ஒரு பெண் வந்தார். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, காலை எட்டுக்குப் போனால் திரும்ப ஆறு. சீட்டில் மூன்று வேளை கிளாவுலனிக் சிரப். மதிய வேளையை யார் கொடுப்பது, மருந்தை எங்கே வைப்பது? டாக்டருக்கு நானே போன் போட்டேன். எடுத்தார், நிலைமையைக் கேட்டார், இந்தப் பிள்ளைக்கு வெறும் அமாக்சிசிலினே போதும் என்று தண்ணீரில் கரையும் மாத்திரையாக மாற்றினார், 250 மி.கி., இரண்டு வேளை. ஃபிரிட்ஜ் வேண்டாம், குலுக்க வேண்டாம், கோடு பார்க்க வேண்டாம். ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் குழந்தைகளின் நிமோனியாவுக்கு இந்த மாத்திரையைத்தான் சொல்கிறது. நம் ஊர்க் கடைகளில்தான் சிரப் பாட்டில் வரிசையாக நிற்க, இது அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. நாளைக்கு மேல்தட்டுக்கு மாற்றிவிட்டு, முதலாளியிடம் இன்னும் இரண்டு பெட்டி கேட்க வேண்டும்.