பென் சுக்: ஹெலிகாப்டர்கள் இறங்கிய ஊர்

வியட்நாம் போரில் கெரில்லாக்கள் பதுங்கியிருந்த கூ சி சுரங்கங்களைப் பார்க்க வருகிறவர்கள், அங்கே தருகிற அவித்த மரவள்ளிக்கிழங்கை வேர்க்கடலைப் பொடியில் தொட்டுத் தின்றுவிட்டு ஹோ சி மின் நகரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நான் சைகோன் ஆற்றைத் தாண்டி பென் சுக் என்ற ஊர் வரை போனேன். வழியில் ரப்பர் மரங்கள். சாய்வாகக் கீறிய பட்டையிலிருந்து பால் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுற்றுலாக் கூட்டம் கண்ணில் படவில்லை. ஆனாலும் வியட்நாம் போரைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் அவசியம் வர வேண்டிய இடம் இதுதான்.

1967 ஜனவரி 8, காலை எட்டு மணி. 60 ஹெலிகாப்டர்கள் மர உச்சியை உரசுவதுபோலத் தாழப் பறந்து வந்து, ஒரு பட்டாலியன் அமெரிக்க வீரர்களை ஊருக்குள்ளேயே இறக்கின. பிற்காலத்தில் வெளியுறவு அமைச்சரான அலெக்சாண்டர் ஹெய்க் அந்தப் பட்டாலியனின் தளபதி. வழக்கமாக இறங்கும் இடத்தை முதலில் குண்டு வீசித் துடைப்பார்கள். அதுவே, அமெரிக்க ஆதரவு பெற்ற தென் வியட்நாம் அரசை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாக்களுக்கு முன்னறிவிப்பாகிவிடும். அன்று அதைத் தவிர்த்தார்கள். எல்லோரும் திகைத்து நிற்கும்போதே, ஊரை விட்டு ஓடக் கூடாது என்று வானத்திலிருந்து ஒலிபெருக்கி அறிவித்தது. ராணுவ நோக்கில் பார்த்தால், குறை சொல்ல முடியாத வேகம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கெரில்லாக்களை மக்களிடமிருந்து பிரிக்க வேண்டும் என்பது திட்டம். பிரிக்க முடியாததால் மக்களையே அகற்றினார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து சுமார் 6,000 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், மூட்டை முடிச்சுகளோடும் ஆடுமாடுகளோடும் ஃபூ லாய் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். எரியாமல் நின்றதை புல்டோசர்கள் இடித்தன. அடியில் இருக்கும் சுரங்கங்களும் நொறுங்கட்டும் என்று, தரைமட்டமான ஊரின் நடுவில் வெடிமருந்தைப் புதைத்து வெடித்தார்கள். வயலையும் மூதாதையர் கல்லறைகளையும் இழந்த விவசாயி, அதைச் செய்த அரசின் பக்கம் எப்படி வருவான்?

சீடர் ஃபால்ஸ் என்ற அந்த நடவடிக்கையில் சுமார் 30,000 அமெரிக்க, தென் வியட்நாம் வீரர்கள் ஈடுபட்டார்கள். 19 நாளில் முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். கெரில்லாக்கள் வெகு சீக்கிரமே திரும்பி வந்தார்கள். அடுத்த ஆண்டு டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டில், இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் தலைநகர் சைகோனைத் தாக்கியபோது, இந்தப் பகுதியும் அவர்களுக்குத் தளமாக இருந்தது.

போக விரும்புகிறவர்கள் கூ சியிலேயே கார் பேசிக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவது நல்லது.