பிளிதா மருத்துவமனையில் இரண்டு நோயாளிகள்

புதுச்சேரிக்காரர்களுக்கு நவம்பர் 1 விடுதலை நாள். 1954இல் அன்றுதான் பிரெஞ்சு நிர்வாகம் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான போர் தொடங்கியதும் அதே நாளில்தான். அது முடிய ஏறக்குறைய எட்டு வருடம் ஆனது.

அந்தப் போரின்போது அல்ஜீரியாவின் பிளிதா நகர மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தவர் ஃபிரான்ட்ஸ் ஃபனோன். பிரெஞ்சுக் காலனியான மார்த்தினிக்கில் பிறந்த கறுப்பின மருத்துவர். அவர் எழுதிவைத்த நோயாளிக் குறிப்புகளில் ஒன்று என்னை விடவே மாட்டேன் என்கிறது. 28 வயது ஐரோப்பியப் போலீஸ்காரர் ஒருவர். கைதிகளைச் சித்திரவதை செய்து விசாரிப்பது அவர் வேலை. இரவானால் அவர்களின் அலறல் வீட்டுக்குள் கேட்கிறது. ஜன்னலை அடைத்து, காதில் பஞ்சு வைத்தும் நிற்கவில்லை. ஃபனோனிடம் சிகிச்சைக்கு வருகிறார். ஒருநாள் மருத்துவமனைத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தவர், வியர்த்து நடுங்கி மரத்தில் சாய்ந்துவிடுகிறார். தான் வதைத்த அல்ஜீரியர் ஒருவர் எதிரே வந்திருக்கிறார். அவரும் அங்கே நோயாளி.

அந்த அல்ஜீரியரைக் கொஞ்ச நேரத்தில் காணவில்லை. தேடினால் கழிப்பறையில், தற்கொலைக்கு முயன்ற நிலையில் இருக்கிறார். தன்னைத் திரும்ப இழுத்துப் போகத்தான் போலீஸ் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

இருவரும் சமமாகப் பாதிக்கப்பட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போலீஸ்காரருக்கு உடல்நிலையைக் காட்டி பிரான்சுக்கே மாற்றல் கிடைத்தது. மற்றவருக்கு, நீ பார்த்தது பிரமை என்று பொய் சொல்லித்தான் ஆறுதல் தர முடிந்தது.

ஆனாலும் ஆள வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மையில்லை. அல்ஜியர்ஸ் காவல்துறையின் உயர் அதிகாரி போல் டெய்ட்ஜென், நாஜிகளிடம் சித்திரவதை அனுபவித்தவர். தன் உடம்பில் விழுந்த அதே தடயங்களைக் கைதிகளிடம் கண்டதாக எழுதி, 1957இல் பதவியை விட்டார். நாஜிகளிடமிருந்து மீண்டு பதின்மூன்று வருடம்கூட ஆகாத நாடு, அதே வேலையைத் தன் இருபது வயதுப் பையன்களிடம் கொடுத்தது. போரைப் போர் என்றே சட்டத்தில் ஒப்புக்கொள்ள 1999 வரை ஆனது. திரும்பி வந்தவர்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்?

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இந்தோசீனா கதைகளை ஆசையாகச் சொல்வார். அல்ஜீரியாவிலும் இருந்தவர்தான், கேட்டால், "அதை விடும்மா" என்பார். 1936இல் இதே ஊரில் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்ற அரசு, பின்னால் இவரிடம் துப்பாக்கி கொடுத்து இன்னொரு காலனிக்கு அனுப்பியது. அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கத்துக் காயமும் அவரிடம் இருந்தது என்றே நினைக்கிறேன்.