பேச்சிழந்த அப்பாவுக்கு வந்த மாரடைப்பு

அப்பாவைப் பக்கவாதத்துடன் மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நான்கரை மணி நேரம் கடந்திருந்தது. சி.டி. ஸ்கேனில் இடப்பக்க மூளையில் அடைப்பு தெரிந்தது. வலக்கையும் காலும் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பிரின் தொடங்கினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய பிறகு, ஒரு விடியற்காலையில் அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது. மூச்சு வாங்கியது. "எங்கேயாவது வலிக்கிறதா அப்பா?" என்று கேட்டேன். கேள்வி புரிந்ததா என்றே தெரியவில்லை. இடக்கையால் போர்வையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்த நர்ஸ், அது சரியாக இருந்ததும், யாரும் சொல்லாமலே இ.சி.ஜி. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரை நான் என்றும் மறக்க மாட்டேன். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். பேச்சும் இல்லாதவருக்கு வியர்வையும் மூச்சிரைப்பும்தான் அடையாளம்.

இ.சி.ஜி. மாறியிருந்தது. ஆனால் பக்கவாதமே இ.சி.ஜி.யை மாற்றும் என்றார் டாக்டர். மூளை பாதிக்கப்படும்போது பெருகும் அட்ரினலின் இதயத்தையும் தாக்குமாம். இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் அளவும் அதனால் கூடலாமாம். ஆகவே ஒரு பரிசோதனையோடு நிறுத்தாமல், சில மணி நேரம் விட்டு மறுபடி இரத்தம் எடுத்தார்கள். அளவு மளமளவென்று ஏறியது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவில் இதயத்தின் முன்சுவர் சரியாகச் சுருங்கவில்லை. மாரடைப்புதான்.

அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல். மாரடைப்புக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைக் கூட்ட வேண்டும். கூட்டினால் பாதிக்கப்பட்ட மூளைப் பகுதிக்குள் இரத்தம் கசியலாம். நரம்பியல் மருத்துவர் ஒன்று சொல்ல, இதயநோய் மருத்துவர் வேறொன்று சொன்னார். இருவரும் சேர்ந்து பேசி ஒரே முடிவாகச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தினேன். இந்த நிலையில் இருக்கும் எந்தக் குடும்பமும் தயங்காமல் இதைக் கேட்கலாம். மறுபடி எடுத்த சி.டி.யில் கசிவு இல்லை. உறைவைத் தடுக்கும் மாத்திரையான குளோபிடோகிரெலைச் சேர்த்தார்கள், அதற்கான ஊசியான ஹெப்பாரினைத் தவிர்த்தார்கள், இதய இரத்தக் குழாய்களைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராமைத் தள்ளிவைத்தார்கள். இரத்த அழுத்தம் நிலையாக இருந்ததால்தான் அப்படிக் காத்திருக்க முடிந்தது.

பின்னர் ஆஞ்சியோகிராம் செய்து, அடைபட்ட குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். பேச்சுப் பயிற்சியாளர் மனித உடலின் படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வலிக்கும் இடத்தை அப்பா இப்போது அதில் தொட்டுக் காட்டுகிறார். பக்கவாத வார்டில் முதல் நாளே ஒவ்வொரு கட்டிலிலும் அந்தப் படம் இருக்க வேண்டும் என்று மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.