அது வேற மா

ட்ரெயினிங் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, அந்தப் புள்ள கேட்ட ஒரு கேள்வி மட்டும் இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

ஆள் கடத்தல அடையாளம் கண்டுபிடிக்கறது எப்படின்னு, இங்க மலேசியாவுல எங்க ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங் ஆளுங்களுக்கு அரை நாள் சொல்லிக் குடுத்தாங்க. நாள் கணக்கா ரூம் க்ளீன் பண்ண விடமாட்டாங்க, ராத்திரி பூரா புதுப்புது ஆம்பளைங்க வந்து போவாங்க, ஒரு பொண்ணு பேச வாயெடுத்தா கூட இருக்கறவன் முந்திக்கிட்டு பதில் சொல்வான், அவ பாஸ்போர்ட்டு அவன் கையில இருக்கும், பார்த்தா சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க, போலீஸ் 999-க்கோ, தாலியான் காசிஹ்ங்கற அரசாங்க உதவி லைன் 15999-க்கோ அடிங்கன்னாங்க. 2007-லயே இதுக்குன்னு தனிச்சட்டம் வந்துருச்சாம். தமிழ் புள்ளைங்களுக்கு நான்தான் மொழிபெயர்த்து சொன்னேன்.

முடிஞ்சதும் லினன் ரூம்ல, ராமநாதபுரத்துலேர்ந்து வந்த ஒரு புள்ள, கான்ட்ராக்ட்ல க்ளீனிங்குக்கு வந்தவ, "அக்கா, எங்க பாஸ்போர்ட்டும் ஏஜெண்டு ஆபீஸ்லதானே இருக்கு, அப்ப நாங்க?"ன்னு கேட்டா.

"அது வேற மா, தொலைஞ்சிரக் கூடாதுன்னு பத்திரமா வெச்சிருக்காங்க"ன்னு சட்டுன்னு சொல்லிட்டேன், அவளும் சரிக்கானு சொல்லிட்டு பெட்ஷீட் மடிக்கப் போயிட்டா.

அது வேற இல்ல. அடுத்தவங்க பாஸ்போர்ட்ட புடிச்சு வெச்சிருக்கறது 1966 பாஸ்போர்ட்டு சட்டப்படியே குத்தம், கட்டாய உழைப்புக்கு ஐஎல்ஓ, அதான் உலகத் தொழிலாளர் அமைப்பு, சொல்ற 11 அடையாளத்துல அதுவும் ஒண்ணு. அன்னைக்கு எனக்கு இவ்வளவு தெரியாதுதான், ஆனா பாதியாவது தெரியும், பத்து வருஷமா இந்த வேலையில இருக்கேன், ஏஜெண்டு வேன்ல வந்து எறக்கி விட்டுட்டு வேன்லயே ஏத்திட்டுப் போறத தெனம் பார்க்கறேன். ரூம்ல இருக்கற கெஸ்ட்ட மட்டும் சந்தேகப்படச் சொல்லிக் குடுத்தாங்க, நானும் அதையே மொழிபெயர்த்தேன்.

நான் என்ன பண்ணியிருக்க முடியும்னும் தோணுது. அவ வேலை பெர்மிட்டு அந்த ஏஜெண்டு பேர்ல. நான் போன் போட்டு, அவங்க பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா? ஊர்ல வாங்குன கடனோட அவ வெறுங்கையா திரும்பணும், நான் மட்டும் நல்லது செஞ்சேன்னு நிம்மதியா தூங்குவேனா? இல்ல இதெல்லாம் என் வேலைய காப்பாத்திக்க நானே சொல்லிக்கறதா, தெரியல.

போன வாரம் அவகிட்டயே கேட்டேன், கம்ப்ளைண்ட் பண்ணட்டுமா மான்னு. "வேணாங்க்கா, இன்னும் எட்டு மாசந்தான்"னா. பாதிக்கப்பட்டவங்க பயத்துல வேணாம்னுதான் சொல்வாங்கன்னு அதே ட்ரெயினிங்ல நான்தான் தமிழ்ல சொன்னேன். ஆனா அவ வேணாம்னு சொன்னதும் எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு, அத நெனச்சாத்தான் இன்னும் தூக்கம் வரல.